மழையா, பனியா? ஒரு டிகிரியில் தடுமாறும் தோக்கியோ முன்னறிவிப்பு

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஜப்பானுக்குச் செல்லும் நம்மவர்கள் பலர் தினமும் வானிலைச் செயலியைத் திறந்து பார்ப்பார்கள். "தோக்கியோவில் நாளை பனி, 5 செ.மீ." என்று இருக்கும். மறுநாள் வெறும் மழை பெய்யும். இன்னொரு நாள் "மழை" என்று இருக்கும். பிற்பகலுக்குள் சாலை வெள்ளையாகிவிடும். ஜப்பானின் வானிலைத் துறை உலகின் முன்னணித் துறைகளுள் ஒன்று. அப்படியிருந்தும் ஏன் இந்தத் தடுமாற்றம்? தோக்கியோவில் விழுவது பெரும்பாலும் ஈரப்பனி என்பதே காரணம்.

ஈரப்பனி என்பது என்ன?

ஹொக்கைடோவில் விழும் பனி மாவு போன்றது. காற்று கடுங்குளிராக இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, ஊதினால் பறக்கும். ஈரப்பனி அப்படியல்ல. நிலத்தை ஒட்டிய காற்று 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது துகள்கள் பாதி உருகியபடி விழுகின்றன. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. துவைத்துப் பிழியாத துணிக்கும் காய்ந்த துணிக்கும் உள்ள எடை வேறுபாடு இங்கும் உண்டு.

புதிதாக விழுந்த உலர்பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. ஈரப்பனி 200 கிலோவையும் தாண்டும். அதாவது 30 செ.மீ. ஈரப்பனி, ஒவ்வொரு சதுர மீட்டர் கூரை மீதும் ஏறக்குறைய 60 கிலோ பாரத்தை வைக்கிறது. ஒரு கார் நிற்கும் கொட்டகையின் கூரை 15 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 900 கிலோ, ஒரு சிறிய காரின் எடை.

தென்கரையோரம் வரும் புயல்

ஜப்பானின் பெரும் பனி, ஜப்பான் கடலைக் கடந்துவரும் சைபீரியக் குளிர்காற்றால் வருகிறது. அது நீகாத்தா போன்ற மேற்குக் கரைப் பகுதிகளில் கொட்டிவிட்டு, மலைகளைத் தாண்டும்போது வறண்டுவிடும். அதனால்தான் தோக்கியோவில் குளிர்காலம் பெரும்பாலும் வெயிலாக இருக்கிறது.

தோக்கியோவுக்குப் பனியைக் கொண்டுவருவது வேறொன்று: தெற்குக் கரையை ஒட்டிப் பசிபிக் கடலில் நகரும் தாழ்வழுத்தம். இது ஈரமான கடற்காற்றைக் கொண்டுவருகிறது. வடக்கிலிருந்து குளிர்காற்றையும் இழுக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு நகரின் மீதே விழுகிறது.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தோக்கியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 290 கி.மீ. தொலைவில் ஹச்சிஜோ தீவு இருக்கிறது. தாழ்வழுத்தம் அத்தீவுக்கு வடக்கே சென்றால் வெப்பக்காற்று நுழைந்து மழையாகும். சற்றுத் தெற்கே சென்றால் பனி. மிகவும் தெற்கே போய்விட்டால் மேகம் கரையை எட்டாது, எதுவும் விழாது. ஆனால் இந்தக் கணக்கும் எப்போதும் பொருந்துவதில்லை.

ஏன் கணக்குத் தப்புகிறது?

முதல் காரணம், ஒரு டிகிரி. புயலின் மொத்த நீர் 40 மில்லிமீட்டர் என்று சரியாகவே கணித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உலர்பனியாக விழுந்தால் அது 40 செ.மீ. உயரம் இருக்கலாம். ஈரப்பனியாக விழுந்தால் 20 செ.மீ. ஒரு டிகிரி கூடி மழையாகிவிட்டால் ஒன்றுமே இல்லை. வானிலைக் கணினி மாதிரிகளில் ஒரு டிகிரிப் பிழை சாதாரணம். மற்ற நாட்களில் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அன்று மட்டும் அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, பனி தன் குளிரைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஈரச்சட்டையோடு விசிறிக்குக் கீழே நின்றால் குளிர்வதைப்போல, வறண்ட காற்றில் துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. துகள்கள் உருகும்போதும் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகின்றன. ஆகவே வலுவாகப் பெய்தால் காற்று 0 டிகிரியை நோக்கி இறங்கிப் பனியாகிறது. தூறலாக இருந்தால் மழையாகவே நிற்கிறது. எவ்வளவு வலுவாகப் பெய்யும் என்று தெரியாமல், எது பெய்யும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, தரை. பனி விழுவது வேறு, குவிவது வேறு. சூடான தார்ச்சாலையில் விழுந்தவுடன் உருகும் பனி, புல்லிலும் பாலத்தின் மீதும் தங்கிவிடும்.

இரண்டு பக்கமும் தவறிய மாதம்

2013 ஜனவரி 14, இளையர் வயதுக்கு வரும் விழா நாள். தோக்கியோவில் பெரும்பாலும் மழைதான் எதிர்பார்க்கப்பட்டது. தாழ்வழுத்தம் வேகமாக வலுத்து, நகரில் 8 செ.மீ., யோக்கோஹாமாவில் 13 செ.மீ. பனி குவிந்தது. கிமோனோ அணிந்து விழாவுக்குப் புறப்பட்ட இளம்பெண்கள் ஈரப்பனியில் நடந்தார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து, பிப்ரவரி 6ஆம் தேதி, பனி குவியும் என்று எச்சரிக்கப்பட்டது. ரயில்கள் முன்கூட்டியே குறைக்கப்பட்டன. பனி ஏறக்குறையக் குவியவே இல்லை. குறைந்த ரயில்களில் நெரிசல்தான் மிஞ்சியது. 2022 ஜனவரி 6ஆம் தேதியோ லேசான பனிதான் என்று எதிர்பார்த்த நகரில் 10 செ.மீ. விழுந்தது.

எச்சரிக்காமல் விட்டால் மக்கள் சிக்குகிறார்கள். எச்சரித்து ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை. முன்னறிவிப்பாளரின் உண்மையான சிக்கல் இதுதான்.

2014 பிப்ரவரி: ஒரே புயல், பல முகங்கள்

2014 பிப்ரவரி 8ஆம் தேதி தோக்கியோவில் 27 செ.மீ. பனி குவிந்தது. 45 ஆண்டுகளில் அதுவே அதிகம். ஒரு வாரத்தில், 14, 15 தேதிகளில், இன்னொரு புயல் வந்தது. மறுபடியும் 27 செ.மீ. ஆனால் இம்முறை நள்ளிரவுக்குப்பின் நகரில் அது மழையாக மாறியது.

தோக்கியோவுக்கு மேற்கே மலைகளால் சூழப்பட்ட கோஃபு நகரில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நின்றதால் பனி நிற்கவில்லை. அங்கு 114 செ.மீ. குவிந்தது. அந்நகரின் அதற்கு முந்தைய உச்சம் 49 செ.மீ. மட்டுமே. மாயெபாஷியில் 73 செ.மீ., குமகாயாவில் 62 செ.மீ. ரயில்களும் விரைவுச்சாலையும் நின்றுபோய் யாமானாஷி மாநிலம் துண்டிக்கப்பட்டது. தற்காப்புப் படையின் ஹெலிகாப்டர்கள் உதவிக்குப் போயின.

அதிகம் நொடிந்தவர்கள் விவசாயிகள். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற திராட்சைக் கொட்டகைகள் யாமானாஷியில் வரிசை வரிசையாகச் சரிந்தன.

மழையாக மாறிய இடங்களிலும் ஆபத்து குறையவில்லை. கூரையில் கிடந்த பனி மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி இன்னும் கனத்தது. சைத்தாமா மாநிலத்தின் ஃபுஜிமி நகரில் ஒரு விளையாட்டரங்கின் கூரையே இடிந்து விழுந்தது. அதன்பின், சரிவு குறைந்த பெரிய கூரைகளைக் கட்டும்போது பனியோடு மழைநீரின் எடையையும் சேர்த்துக் கணக்கிடும்படி கட்டட விதி திருத்தப்பட்டு, 2019இல் நடப்புக்கு வந்தது.

பயணிகள் எப்படி வாசிக்க வேண்டும்?

* செ.மீ. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வெப்பநிலை 0 முதல் 2 டிகிரிக்குள் இருந்தால் அந்த எண் எந்தப் பக்கமும் மாறலாம். காலை, மாலை இருமுறை பாருங்கள்.

* எந்த இடத்துக்கான அறிவிப்பு என்று பாருங்கள். கடலோரம் மழை பெய்யும் நேரத்தில், மேற்கே ஹச்சியோஜியில் பனி குவியலாம். ஃபுஜி மலைப் பக்கம் போகிறவர்களுக்குத் தோக்கியோ நிலவரம் உதவாது.

* தோக்கியோவின் 23 வட்டாரங்களில் 12 மணி நேரத்தில் 5 செ.மீ. எதிர்பார்த்தால் கவன அறிவிப்பு, 10 செ.மீ. என்றால் எச்சரிக்கை. பனிக்குப் பழகிய ஊர்களில் அந்த அளவு பெரிதல்ல; தோக்கியோ அதற்கே திணறும். 2018 ஜனவரி 22ஆம் தேதி 23 செ.மீ. விழுந்தபோது, ஊழியர்கள் ஒரே நேரத்தில் வீடு திரும்பியதால் ஷிபுயா நிலையத்தில் நுழைவையே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பிற்பகலில் பனி வலுத்தால், கூட்டத்துக்கு முன்பே விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

* கொட்டகை, கூரை விளிம்பு, பனி சுமந்த மரக்கிளை, மின்கம்பி ஆகியவற்றின் கீழே நிற்காதீர்கள். பனி மழையாக மாறிய பின்னரும் இது பொருந்தும்.

* வானம் தெளிந்த மறுநாள் காலையில்தான் அதிகக் கவனம் தேவை. உருகிய நீர் இரவில் உறைந்து கண்ணாடிபோல் ஆகியிருக்கும். சிறு அடி வைத்து, பாதம் முழுவதும் பதியும்படி நடங்கள்.

* விமானம் பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் பனி அறிவிப்பு வந்தால், விமான நிலையத்துக்குச் செல்ல மாற்று வழியையும் கூடுதல் நேரத்தையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பனி வராமல் மழையே பெய்தாலும், வீணாவது சில மணி நேரம் மட்டுமே.