முத்திரை இல்லாத பாட்டுகள்

தமிழில் இசை விமர்சனம் சபா நாற்காலியில் உட்கார்ந்தபடி பிறந்தது. 1930களில் ‘ஆனந்த விகட’னில் ‘ஆடல் பாடல்’ பகுதியைக் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதிய கல்கியிடமிருந்து அது தொடங்குவதாகக் கொள்வதில் பெரிய பிழை இருக்காது. அவருக்கு முன்பும் சங்கீதம் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஆனால் ஸ்வரஞானம் இல்லாத வாசகன் சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, அடுத்த கச்சேரிக்குப் போய்த்தான் பார்ப்போமே என்று நினைக்கும்படி எழுதியவர் அவர்தான். அவருக்குப் பின் வந்த சுப்புடு, 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் தப்பி வந்து, தில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே 2007இல் மறையும்வரை வித்வான்களின் தூக்கத்தைக் கெடுத்தார். நடை வேறு, குணம் வேறு. நாற்காலி மட்டும் அதேதான்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று சினிமாவுக்கு வெளியே, தனியிசை என்றும் சுயாதீன இசை என்றும் சொல்லப்படும் தொகுப்புகள் தமிழில் தொடர்ந்து வெளிவருகின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு நாலு வரி எழுத உட்கார்ந்தால், கைக்குக் கிடைக்கும் சொற்களெல்லாம் கச்சேரி மண்டபத்திலிருந்து வந்தவையாக இருக்கின்றன. சாரீரம், சுருதி, களை கட்டியது, களை கட்டவில்லை. இவை ஒரு மாலைப்பொழுதை அளக்கப் பிறந்த சொற்கள். இசைத்தட்டோ வேறு பண்டம். ஆயிரம் முறை கேட்டாலும் அதே இடத்தில் அதே மூச்சு. பாடியவர் அவையைப் பார்த்துப் பாடவில்லை. ஒரு புனலையோ மைக்கையோ பார்த்துப் பாடினார். அதை எப்படிக் கேட்பது?

இசைத்தட்டு கல்கிக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தது 1902இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல் தட்டில் ஏறிவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் ராகத்தின் சாயல், பல்லவி, சரணம், ஒரு பிடி ஸ்வரம் எல்லாம் முடிந்தாக வேண்டும். சுருக்கத்தின் கலை ஒன்று அங்கே உருவாயிற்று. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அதில் மேதைகள். சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளைக் கூடைகூடையாக விற்றது. விற்பனை வளர்ந்த அளவுக்கு, தட்டை ஒரு தனிப் படைப்பாக எடுத்து எடைபோடும் எழுத்து வளரவில்லை.

அந்த ஆண்டுகளில் விமர்சகர்களின் கவனமெல்லாம் இன்னொரு சண்டையில் இருந்தது. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று தீர்மானித்தது. சங்கீத வித்வத் சபை, மொழியின் பெயரால் தரம் குறையக்கூடாது என்று பதில் சொன்னது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கி இந்தச் சண்டையின் நடு மையத்தில் நின்றார். கச்சேரியின் கடைசியில், பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில், துக்கடாவாகத் தமிழ்ப் பாட்டைப் பாடி முடிக்கும் வழக்கத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சொல் கேட்பவனைச் சென்றடைய வேண்டும் என்பதே அவர் வாதத்தின் உயிர். அந்த உயிர் இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கனகம்மாசத்திரத்திலிருந்து இந்த விவாதத்தைத் திரும்பிப் பார்த்தால் அது சற்று வேறு மாதிரித் தெரிகிறது. பக்கத்திலுள்ள திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாள்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தன. இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி இது. தியாகையரின் தெலுங்கும் புரியும், அருணகிரியின் தமிழும் புரியும் என்ற பாட்டிமார்கள் இங்கே இருந்தார்கள். ‘புரியாத மொழி’ என்று சென்னையில் சொல்லப்பட்டது அவர்களுக்குப் பொருந்தவில்லை. புரிகிற பாட்டில் யார் என்ன சொன்னார் என்பதே அவர்களுடைய கேள்வி. மேடையில் எந்த மொழி என்ற கேள்வியில் விமர்சனம் மூழ்கியிருந்தபோது, ஊரின் காது மேடையை விட்டுவிட்டுக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் பூக்காவடிகள் இந்த வழியாகத்தான் போகும். சாலையோரம் பந்தல், தண்ணீர், மோர், அதன்மேல் குழாய். என்ன பாட்டுப் போடுவது, எந்த வரிசையில் போடுவது என்பதெல்லாம் மைக்செட்காரரின் அதிகாரம். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். வெயில் ஏறியதும் டி.எம். சௌந்தரராஜன், பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள். மாலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். எந்தக் குரலுக்கு எந்த வெளிச்சம் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழின் முதல் இசைத்தட்டு விமர்சகர் அவர்தான் என்று நாம் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

இந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடச் சினிமாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. கதை இல்லை, நாயகன் இல்லை, இயக்குநர் இல்லை. கறாரான பொருளில் இவைதாம் தமிழின் முதல் தனியிசைத் தொகுப்புகள். கந்த சஷ்டி கவசத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் இயற்றிய நீண்ட பாராயண நூல். அதை இரண்டு பெண்குரல்கள் ராகமாலிகையாக, ஒரே நடையில், அலங்காரம் எதுவும் இல்லாமல் பாடின. கமகத்தைக் குறைத்து, சொல்லுக்கு இடம்விட்டு, கேட்பவரும் கூடவே முணுமுணுக்கும்படி அமைத்த அந்த முடிவு அசாதாரணமான இசைத் தீர்மானம். பல லட்சம் பேர் அதனால்தான் கவசத்தை மனப்பாடம் செய்தார்கள். சபா விமர்சனத்தில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் அது பக்தி. திரை விமர்சனத்திலும் இடமில்லை, ஏனென்றால் அது சினிமா அல்ல.

விமர்சகன் இல்லாததால் முதலில் தொலைவது பெயர். சௌந்தரராஜன் பாடிய ‘உள்ளம் உருகுதையா’ தெரியாத தமிழர் குறைவு. அதை எழுதியவர் மரகதம் என்ற பெண்மணி, ‘ஆண்டவன் பிச்சை’ என்ற பெயரில் எழுதியவர் என்பது தெரிந்தவர் அதைவிட மிகக் குறைவு. பாடியவருக்கே நெடுங்காலம் தெரியாமல் இருந்ததாகச் சொல்வார்கள். புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவன் ஆசிரியர் பெயரை எழுதாமல் தொடங்க முடியாது. பாட்டுக்கு அந்தக் கட்டாயத்தை விதிக்க ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் பெயரைப் பாட்டுக்குள்ளேயே பொறித்துவைப்பதில் இந்தப் பகுதிக்கு நீண்ட பழக்கம் உண்டு. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு. தேவார மூவருக்கு முன்பே அங்கே மூத்த திருப்பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார், நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் தம் பதிகங்களை அமைத்தார். அக்கால ஸ்வரங்களின் பெயர்களையும் வாத்தியங்களையும் ஒரு பாட்டில் வரிசையாக அடுக்கிவைத்தார். முடிவில், தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக் கையொப்பமிட்டார். எந்தப் பண், என்ன வாத்தியம், யார் பாடியது; ஒரு தொகுப்பின் மேலுறையில் இருக்க வேண்டிய தகவலெல்லாம் பதிகத்துக்குள்ளேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் தமது முதல் கிருதியை மாயாமாளவகௌளையில் திருத்தணியில் இயற்றினார் என்பது சங்கீத மரபு. ‘குருகுஹ’ என்ற முத்திரை அவருக்கு வாய்த்தது அங்கேதான். அந்த மலையடியில்தான் முத்திரை இல்லாத பாட்டுகள் குழாயில் ஒலித்துக்கொண்டிருந்தன.

1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ வந்தது. பெயரே பெயரைப் பற்றிய கேள்வி. தியாகையருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட, பாட்டுவரிகளே இல்லாத இசைத்தொகுப்பு. வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் ஒரு பகுதியில், பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி ராஜாவின் தந்திவாத்தியங்கள் வந்து உட்காருகின்றன. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேச்சுக் கொடுப்பதுபோல. இது மேதைமையா, துணிச்சலான விளையாட்டா என்று நாம் பல இரவுகள் வாதாடியிருக்கிறோம். எங்கள் தரப்பு: ஃப்யூக் வடிவத்தில் கர்நாடக ராகங்களைக் கொண்டுசெல்லும் இடங்கள் இன்றும் புதிதாகவே இருக்கின்றன, இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒப்பிடச் சொல்லும் இடங்களில் மட்டும் பாடத்திட்டத்தின் வாடை வருகிறது. பாலு மகேந்திரா 1988இல் வெளிவந்த தமது ‘வீடு’ படத்துக்கு இந்தத் தொகுப்பையே பின்னணி இசையாக எடுத்துக்கொண்டார். அழகான பயன்பாடு. ஆனாலும் சினிமாவுக்கு வெளியே போன ஒரே இசையையும் சினிமா வந்து கைப்பிடித்து அழைத்துப்போய்விட்டதே என்று தோன்றாமல் இல்லை. ‘நத்திங் பட் விண்ட்’ (1988) கேட்க இனிமையானது. சௌராஸியாவின் குழல் அதில் அதிகம், ராஜா குறைவு.

2005 ஜூனில் ‘திருவாசகம்’ வெளியானபோதுதான் ஒரு தனியிசைத் தொகுப்பைப் பற்றித் தமிழ்ச் சிற்றிதழ்களும் இணையமும் சேர்ந்து உரக்கப் பேசின. புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு, ஆங்கிலப் பகுதிகளுக்கு ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், ஆறு பகுதிகள். அவற்றில் ஒரு பகுதி மட்டுமே ஏறத்தாழ இருபது நிமிடம். கொண்டாட்டமும் எரிச்சலுமாக வந்த எழுத்தில் பெரும்பாலானவை இசைக்கு வெளியே நின்றன. அது சிம்பொனியா இல்லையா, பக்தியா வணிகமா என்று. நம் குறை வேறு. மாணிக்கவாசகரின் சொல் அழுகையாக உடைந்துவரும் இடத்தில் ஆங்கிலம் குறுக்கிட்டு அந்த அழுகைக்கு விளக்கம் சொல்கிறது. அழுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் அழுகிறான் என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாமா? ராஜாவின் குரல் தனியாக, மெலிதான தந்திகளோடு நிற்கும் இடங்களில் அந்தத் தொகுப்பு எழுந்துவிடுகிறது. அதே ஆண்டுகளில் ‘உயிர்மை’யில் ஷாஜி எழுதிய கட்டுரைகள், ஜெயமோகனின் மொழிபெயர்ப்பில், ஒலிப்பதிவை ஒலிப்பதிவாகக் கேட்பது எப்படி என்று தமிழ் வாசகனுக்குக் கற்றுக்கொடுத்தன. அவருடைய தீர்ப்புகளில் பலவற்றோடு நாம் உடன்படவில்லை. அவர் கேட்ட விதத்தோடு உடன்படுகிறோம்.

திருத்தணிக் குழாய்களின் ஒலி எதிர்பாராத ஒரு திசையிலிருந்து திரும்பி வந்தது. லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், 2001இல் ‘சால்ட் ரெய்ன்’ தொகுப்புக்காக மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர். 2011இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வேல்’. முருகன் பாட்டுகள், மின்கிதார், முரசு. தமிழ்ச் சொற்கள் அவர் வாயில் சில சமயம் மழுங்குகின்றன, ழகரம் தடுமாறுகிறது. ஆனால் காவடிக்காரன் ஆட்டத்தில் உடம்பு தன்னை மறக்கும் அந்தக் கணத்தை அவர் பிடித்திருக்கிறார். நம் பக்திப் பாடகர்கள் ஒலிக்கூடத்தில் அதை அடக்கியே வாசித்தார்கள்.

திருத்தணிக்கு இந்தப் பக்கம் காவடி என்றால், அந்தப் பக்கம் அரக்கோணம், ரயில் சந்திப்பு. அங்கிருந்து வந்தவர் அறிவு. பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கி, 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முதலாக மேடையேற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாப் பாடகர்களோடும் பறையோடும் நின்றவர். அக்குழுவின் ‘மகிழ்ச்சி’ தொகுப்பை நாம் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. மேடையில் நெஞ்சில் அறைந்த பறை, ஒலிப்பதிவில் கிதாருக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறது. யாருடைய வாத்தியம் முன்னால் என்பதுதானே அந்தக் குழு எழுப்பிய கேள்வி!

2019இல் அறிவும் ஓஃப்ரோவும் சேர்ந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ அப்படியல்ல. திருக்குறளை ஒரு எழுத்துத் திருப்பத்தில் தெருவுக்கு இறக்கிய தலைப்பு. ராப் வடிவத்தின் வேகத்தில் எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக வருகின்றன. ஒரு சொல்கூட விழுங்கப்படவில்லை. இங்கேதான் கல்கி நமக்குத் தேவைப்படுகிறார். சொல் சென்றடைய வேண்டும் என்று அவர் கேட்டது சபாவுக்குள்ளே. அது நிறைவேறியது அவர் நினைத்தும் பார்த்திராத தெருவில். அவருக்கு இது பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். நமக்கும் ஒரு குறை உண்டு. எல்லாப் பாட்டும் ஒரே உச்சத்தில் கொதிக்கின்றன. கோபம் தணிந்து பேசும் ஒரு பாட்டு நடுவில் இருந்திருந்தால் மற்ற கோபங்கள் இன்னும் சுட்டிருக்கும்.

அடுத்து வந்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளராக வெளியான அந்தப் பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவு இல்லாமல் மற்றவர்களின் படத்தைப் போட்டது. கண்டனம் எழுந்த பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியபோது, எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் தானே என்று அறிவு வெளிப்படையாக அறிவித்தார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு பாட்டின் பிறப்பை அறிய, பாட்டு வெளிவந்து ஓராண்டுக்கு மேல் கழித்து, சம்பந்தப்பட்டவர்களின் சமூக வலைத்தளப் பதிவுகளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும். பாட்டு வந்த வாரத்திலேயே யார் எந்த வரியைக் கொண்டுவந்தார், ஒப்பாரியின் மெட்டு எங்கிருந்து வந்தது, தாளம் யாருடையது என்று கேட்டு எழுத ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

2024இல் அறிவு தமது தொகுப்பை வெளியிட்டபோது அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். இந்த முறை பாட்டியின் பெயர் மேலுறையிலேயே இருக்கிறது.