ஜாவாவிலிருந்து வந்த குளவி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரிடமாவது ‘குளவி’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஞாபகத்துக்கு வருவது ஒரு செய்தித் தலைப்புதான்: கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். எங்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு அம்மாவோ சித்தியோ இருக்கிறார்கள். ஆகவே ‘குளவிதான் தேயிலையைக் காப்பாற்றியது’ என்று நாங்கள் சொன்னால் வீட்டில் அடிதான் விழும்.

நாங்கள் சொல்ல வருவது வேறொரு குளவி. நுளம்பு மாதிரி மெலிந்த உடம்பு, நீண்ட உணர்கொம்பு. மனிதரை எதுவும் செய்யாது. அதற்குத் தமிழில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை, விஞ்ஞானப் பெயர் மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே. பள்ளிக்கூடச் சரித்திரத்தில் கோப்பி வரும், கோப்பியை அழித்த பங்கசு நோய் வரும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் வருவார். இந்தக் குளவி வராது.

கதையைப் புழுவிலிருந்து தொடங்க வேண்டும். தேயிலையில் இலையைச் சுருட்டி, பட்டு நூலால் ஒட்டி, உள்ளே இருந்து தின்கிற ஒரு புழு உண்டு. அதன் பெயர் ஹோமோனா கொஃபியாரியா. பெயரிலேயே கோப்பி இருக்கிறதல்லவா? 1861இல் ஜோன் நீட்னர் என்பவர் இலங்கைக் கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் அது. பிறகு கோப்பி செத்தது, மலையெல்லாம் தேயிலை ஆனது. புழு பேரை மாற்றிக்கொள்ளாமலே புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. ஒரு மலை முழுக்க ஒரே செடியை நட்டால், அதைத் தின்னத் தெரிந்த பூச்சிக்கு அது முடிவில்லாத விருந்து. இந்தச் சிக்கலைத் துரைமாரும் சீக்கிரமே உணர்ந்தார்கள். பூண்டுலோயாவில் தோட்டக்காரராக இருந்த ஈ. ஏர்னஸ்ட் கிரீன் 1890லேயே தேயிலைப் பூச்சிகளைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டார். பின்னாளில் அவர் அரசாங்கப் பூச்சியியலாளரும் ஆனார்.

ஆனால் புத்தகம் புழுவைப் பிடிக்காது. கைதான் பிடிக்க வேண்டும். இந்தப் பூச்சி முட்டைகளை முற்றின இலையின் மேல், மீன் செதில் அடுக்கின மாதிரி, கூட்டமாக ஒட்டி வைக்கும். அந்த முட்டைக் கூட்டங்களைப் பொறுக்கி அழிப்பதுதான் அன்று முக்கிய வழி. அதற்குக் கூரான கண்ணும் சின்ன விரலும் வேண்டும், அதாவது பிள்ளைகள். ‘கையால் சேகரித்தல்’ என்று அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடுகிற வேலை அது. அது யாருடைய கை என்று கேட்டால்தான் எங்கள் சரித்திரம் தொடங்குகிறது.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. பிறகு அது தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்துக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது நாங்கள் எல்லாரும் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன நடந்தது என்று யோசித்தது கிடையாது. நடந்தவற்றில் ஒன்று இதுதான்: 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுவந்து நம் தேயிலை மலைகளில் விட்டார்கள். ஜாவாத் தேயிலையிலும் அதே புழு உண்டு, அதை அடக்கிவைக்கிற குளவியும் உண்டு. இங்கே புழு மட்டும்தான் இருந்தது. நிக்சன் என்கிற வகைப்பாட்டியலாளர் குளவிக்கு விஞ்ஞானப் பெயர் வைத்ததே 1938இல்தான். பெயர் வருவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிட்டது!

பெண் குளவி தேயிலை வாதுகளுக்கு நடுவே பறந்தும் நடந்தும் சுருட்டிய இலைகளைத் தேடும். கண்டுபிடித்தால், பின்னாலுள்ள ஊசி போன்ற நீண்ட குழாயை உள்ளே செலுத்தி, இளம் புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உடனே சாகாது. அதுபாட்டுக்கு இலையைத் தின்று வளரும், அதற்குள்ளே குளவியின் குஞ்சும் வளரும். கடைசியில் குஞ்சு புழுவைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அதே சுருட்டைக்குள் கூடு கட்டிக்கொள்ளும். புழு கட்டின வீட்டிலிருந்து குளவி பறந்து போகும். கேட்கவே கொடூரமாக இருக்கிறது, ஆனால் வெப்பவலயக் காட்டிலும் தோட்டத்திலும் எத்தனையோ இலைதின்னிகளுக்கு இதுதான் அன்றாடக் கதி.

எங்கள் மலைநாடு இந்தக் குளவிக்குத் தோதான இடம். இங்கே பனிக்காலம் வந்து எல்லாம் உறைந்து போவதில்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து தளிர்க்கும், வருஷம் முழுக்கச் சின்னதும் பெரிசுமாகப் புழுக்கள் இருக்கும். முட்டை வைக்கச் சரியான வயதுப் புழு எப்போதும் கிடைக்கும். சில ஆண்டுகளில் குளவி பரவி நிலைத்துவிட்டது, இலை சுருட்டிப் புழு பெரிய தொல்லை என்கிற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. ஒழியவில்லை, கவனியுங்கள். ஒழிந்தால் குளவியும் பட்டினிதான். கொஞ்சம் புழு இருக்கட்டும் என்று விட்டால்தான் இந்தக் கணக்கு ஓடும்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது ஒரு மருந்து.

தேயிலைக்கு இன்னொரு எதிரி உண்டு, வாதைத் துளைக்கிற ஒரு குட்டி வண்டு. அது துளைத்த வாது, கொழுந்து எடுக்கும்போது முறிந்து விழும். நடு உயரத் தோட்டங்களில்தான் அதன் அட்டகாசம் அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டீல்ட்ரின் என்கிற புது நஞ்சு வந்தது. 1950களில் வண்டுக்கு எதிராக அதைத் தேயிலையில் தெளித்தார்கள். வண்டு அடங்கியது. கூடவே, ஏறக்குறைய மறந்தே போயிருந்த இலை சுருட்டிப் புழு திரும்பிப் பெருகியது. புழு சுருட்டைக்குள் பத்திரமாக இருந்தது, டீல்ட்ரினும் அதை அவ்வளவாகக் கொல்லவில்லை. மருந்து படிந்த இலைமேல் நடந்து நடந்து புழுவைத் தேடியது குளவி. செத்தது குளவி. ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் க்ரன்ஹாம் 1961இல் அவர்களுடைய ‘டீ குவார்ட்டர்லி’ சஞ்சிகையில் இலங்கைத் தேயிலையில் பீடைகளுக்கும் அவற்றின் எதிரிகளுக்கும் இடையிலுள்ள சமநிலையைப் பற்றி எழுதினார். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ ஆங்கிலத்தில் வெளியானது அதற்கு அடுத்த வருஷம். அமெரிக்கப் பறவைகளை வைத்து உலகம் கற்றுக்கொண்ட பாடம், தலவாக்கலையில் ஒரு பூச்சியை வைத்து ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை தடைசெய்த முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் டீல்ட்ரினும் ஒன்று.

குளவிக்கு நேர்ந்தது எழுத்தில் இருக்கிறது. முதுகில் டேங்க் சுமந்து அந்த மருந்தை அடித்த ஆட்களுக்கு என்ன நேர்ந்தது? எங்களில் ஒருத்தியின் தாத்தா மருந்தடிக்கிற வேலை செய்தவர். சாக்கைத் துண்டாக்கி மூக்கில் கட்டிக்கொண்டு போவாராம். என்ன மருந்து என்று யாரும் சொன்னதில்லை, ‘மருந்து’, அவ்வளவுதான். அந்த ஆட்களுக்கு அன்று வாக்குரிமையும் கிடையாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1935இல் ஜாவாவிலிருந்து வந்த குளவி ‘இங்கே நிலைபெற்றுவிட்டது’ என்று ஆய்வில் எழுதினார்கள். அதற்கு நூறு வருஷம் முன்னாலிருந்தே வந்துகொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. பூச்சியையும் மனிதரையும் ஒப்பிடலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. வந்தாலும் இந்த வரிகளை எடுக்க மனசு வரவில்லை.

குளவி முறை பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008இல் இலங்கையிலும் அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் பப்பாசி மாவுப்பூச்சி வந்து பப்பாசியை வெள்ளை வெள்ளையாக மூடியபோது, வெளிநாட்டிலிருந்து அசெரோஃபேகஸ் என்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே 2009இல், அங்கே 2010இல். இரண்டு கரையிலும் பூச்சி அடங்கியது. 2021இல் நம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் ஒரேயடியாகத் தடைசெய்து, ஏழு மாதத்தில் பின்வாங்கியதையும் பார்த்தோம். மருந்தை நிறுத்துவது ஒரு வேலை, மருந்து செய்த வேலையைச் செய்ய வேறொன்றை வளர்த்து வைப்பது இன்னொரு வேலை. முதலாவதுக்கு வர்த்தமானி போதும்.

இதை எழுதுவதற்கு முன் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலைக்குப் போனோம். சுருட்டின இலை நாலைந்து கிடைத்தது. இரண்டில் பச்சைப் புழு இருந்தது, பிரித்ததும் பின்னோக்கி நெளிந்து நூலில் தொங்கியது. ஒன்றில் புழு இல்லை, சுருங்கின தோலும் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்னக் கூடும்தான். அதைக் கொண்டுவந்து அப்பாயிடம் காட்டினோம். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர்.

“இதுவா? நெறயப் பாத்திருக்கேன். இது இருந்தா அந்த எலையில புழு இருக்காது. நாங்க பிச்சுப் போட மாட்டோம், அப்படியே விட்டுருவோம்.”

யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம்.

“யார் சொல்லணும்? பாத்தாத் தெரியாதா,” என்றார்.