போடிமெட்டு இறக்கமும் ஜீப்பின் பிரேக்கும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் சாயங்காலம் அவர்களோடு அதே வளைவுகளில் இறங்கும். அந்த வண்டிகளுக்கு பிரேக் வேலை பார்த்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. மலை ஏறியவர்களின் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இறங்குவதைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் டெர்பிஷைரும் மேடுபள்ளமான பகுதிதான். அங்கே குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையோடு பழைய பூட்ஸைச் சேர்த்துக் கட்டிச் சக்கரத்தை அழுத்துவார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃபுரூட் 1897இல் பிரேக் லைனிங் தொழிலுக்கு வந்தார் என்று சொல்வார்கள். ஐந்தே வருடத்தில், 1902இல், பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். டிஸ்கை அழுத்தும் பேடுக்கு அவர் செம்பைப் பயன்படுத்தியதால் காது கிழிகிற சத்தம். சேற்றுப் பாதையில் சீக்கிரம் தேய்ந்தும் போனது. கார்களில் அது எடுபடவில்லை. 1953 லீ மான்ஸ் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் டிஸ்குக்கு மரியாதை வந்தது.

நம் ஜீப்புக்கு மூலமான போர்க்கால வில்லிஸில் நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கிய வண்டிகளும் டிரம்தான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் புது டிரைவர்களிடம் முதலில் சொல்வது, "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறக்குடா தம்பி." காரணம் உண்டு. நீண்ட இறக்கத்தில் பெடலையே நம்பினால் டிரம் சூடேறி விரியும், உள்ளிருந்து அழுத்தும் ஷூவிலிருந்து விலகிப்போகும், பெடல் கீழே கீழே போகும். அந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே லைன். எந்த ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். அப்போது கைகொடுப்பது ஹேண்ட் பிரேக். வில்லிஸில் அதைச் சக்கரத்தில் வைக்காமல், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும்படி தனியாக வைத்திருந்தார்கள். உயிர் காத்த ஏற்பாடு அது.

லைனிங் எல்லாம் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் போலத் தூசி. முகத்தில் துணிகூடக் கட்டாமல் கம்ப்ரஸர் காற்றில் ஊதித் தள்ளுவோம். அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று பட்டறையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வைத்து 1970இல் வந்தது ரேஞ்ச் ரோவர். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் முன் காலிபர் ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன், தனித்தனியாக இரண்டு ஹோஸ். ஒரு லைன் போனாலும் இன்னொரு லைனில் முன்சக்கரங்கள் பிடிக்கும். அந்த வடிவமைப்பை எண்ணி நான் வியக்காத நாளில்லை. நம் பக்கத்தில் 1962இல் சென்னை பாடியில் டி.வி.எஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். அவர்களின் டி.வி.எஸ் கிர்லிங் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி இல்லாத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் ஜீப் வகை வண்டிகளின் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். 2000இல் வந்த பொலேரோவுக்குப் பிறகு எங்கள் பட்டறையில் காலிபர் வேலை பெருகியது.

டிஸ்க் வந்ததும் சூட்டுப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. காலிபரின் பிஸ்டன் சேற்றுக்கும் மழைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காப்பது ஒரு மெல்லிய ரப்பர் பூட். அது கிழிந்தால் பிஸ்டனின் குரோம் பூச்சுக்கு அடியில் துரு ஏறி, பிஸ்டன் ஜாம் ஆகும். உள்ளேயிருந்தும் தண்ணீர் வரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். வழியில் ஆயில் தீர்ந்து சோப்புத் தண்ணீர் ஊற்றி மலையிறக்கிய டிரைவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிழைத்து வந்ததே பெரிது, சிலிண்டர் பிழைத்ததில்லை.

ஜாம் ஆன காலிபரை வண்டியிலிருந்து உடனே கழற்றிவிடக்கூடாது. பிஸ்டனை வெளியே தள்ளுவதற்கு பிரேக் பெடலைவிட நல்ல கருவி இல்லை. இலகுவாக நகரும் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு, பெடலை மெதுவாக மிதித்து இறுகியதை முதலில் கொண்டுவர வேண்டும். காற்றடித்துத் தள்ளுகிறவர்கள் எதிரே மரக்கட்டை வைக்காவிட்டால் விரல் போகும். வெளியே வந்த பிஸ்டனைத் துடைத்து நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். எங்காவது நகம் தட்டினால் அந்த பிஸ்டன் வேண்டாம். கிடைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுவது உத்தமம். சீல் உட்காரும் பள்ளத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவே கூடாது. மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துச் சுத்தம் செய்வேன்.

அந்த சீல் சதுர வெட்டுள்ள சாதாரண ரப்பர் வளையம். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் வளையும். பெடலை விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் ஷூவை இழுக்கிற மாதிரி ஸ்பிரிங் தேவைப்படாததற்கு இந்த வளையம்தான் காரணம். பழுத்து விறைத்த சீல் பிஸ்டனை இழுக்காது, பேட் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். மாட்டும்போது சுத்தமான பிரேக் ஆயில் மட்டுமே தடவ வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

இப்போது பலரும் "காலிபரையே மாத்திடுங்க அண்ணே" என்கிறார்கள். உடல் விரிசல் விட்டிருந்தாலோ, பிளீடர் நட்டின் மரை போயிருந்தாலோ நானே மாற்றச் சொல்வேன். மற்றபடி அந்த வார்ப்பிரும்பு லேசில் சாகாது. பழைய மாடல்களுக்கு நல்ல காலிபர் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. பளபளப்பான போலியை மாட்டுவதைவிட, சீலும் பூட்டும் அடங்கிய கிட் போட்டுச் சரிசெய்த ஒரிஜினலை நம்பி நான் மலையிறங்குவேன். ஒரு பக்கம் கிட் போட்டால் மறுபக்கமும் போடுவேன். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேலை முடிந்து காற்று எடுத்த பிறகு டெலிவரி உடனே கிடையாது. லோடு இல்லாமல் மூன்றாவது வளைவு வரை ஏற்றி இறக்கி, இரண்டு முன்சக்கரத்தின் சூடும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன்.