நண்பகல் விரிவுரைகள், ஓய்வுபெற்றோருக்கானவை

பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பல்கலைக்கழகங்களும் கல்விச் சங்கங்களும் பகலில் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகள். தேர்வு இல்லை; பட்டமும் இல்லை. இரவில் வண்டி ஓட்டத் தயங்கும் முதியவர்களுக்கு நண்பகல் வசதியான வேளை. பேச்சு ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு கேள்விகள். பேச்சாளர் தம் துறையிலேயே நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்களின் கேள்விகளைச் சந்திக்க நேரும் என்பதால், இளநிலை வகுப்பைவிட இந்த அரங்கு கடினமானது.

லண்டனில் 1597 முதல் இயங்கும் கிரஷாம் கல்லூரி, மாணவர் சேர்க்கையே இல்லாமல், எல்லோருக்கும் இலவச விரிவுரை வழங்கிவருகிறது. அதே நகரின் யுனிவர்சிட்டி காலேஜ், போர்க்காலத்தில், 1942இல், மதிய உணவு வேளைச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. இவை முதியோருக்கென்றே அமைந்தவை அல்ல. ஓய்வுபெற்றோரை மையமாகக் கொண்ட முயற்சிகள் பின்னர் வந்தன. 1962இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் கழகம் ஒன்று உருவானது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தை’ நிறுவினார். பிரெஞ்சு வடிவத்தில் பல்கலைக்கழகமே பாடம் நடத்தியது. 1980களின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் உள்ளிட்டோர் இந்த முயற்சியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தபோது, உறுப்பினர்களே ஆசிரியர்களானார்கள். துணிச்சலான மாற்றம் இதுதான். அமெரிக்காவில் ஓஷர் அறக்கட்டளையின் நிதியால், 50 வயது கடந்தோருக்கான கல்வி மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இயங்குகின்றன.