முயர்–டோரே நோய்க்குறித்தொகுப்பு
தோலின் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளும் உள்ளுறுப்புப் புற்றுநோயும் ஒருவரிடமே காணப்படும் அரிய பரம்பரை நோய். 1967இல் முயரும் 1968இல் டோரேயும் தனித்தனியே விவரித்தனர். இது, குடல் புற்றுநோய் வாய்ப்பை உயர்த்தும் பரம்பரை நோயான லிஞ்ச் நோய்க்குறித்தொகுப்பின் ஒரு வடிவம். டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில், பெரும்பாலும் எம்எஸ்எச்2இல், ஏற்படும் பிறழ்வே காரணம். பிறழ்வு பிள்ளைக்குச் செல்ல 50% வாய்ப்புண்டு.

கட்டிகள் பெரும்பாலும் முகத்தில், மஞ்சள் நிறத்தில், வலியின்றி எழும்பும். பரு என்றும், இமையில் வந்தால் கண்கட்டி என்றும் அலட்சியப்படுத்தப்படுவதே பெரிய சிக்கல். முதியோரிடம் சகஜமான எண்ணெய்ச் சுரப்பி மிகைவளர்ச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால் அது தீங்கற்றது, இந்நோயின் அடையாளமும் அன்று. இரண்டையும் பிரித்தறியத் திசுச் சோதனை வேண்டும். சிலரிடம் குடல் புற்றுநோய்க்கு முன்பே இக்கட்டி தோன்றிவிடுகிறது. நோய் உறுதியானால் பெருங்குடலை 1–2 ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி மூலம் பரிசோதிப்பார்கள். இரத்த உறவினருக்கும் மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படும்.