தேவாலாவில் பொன் இடித்த ஆலைகள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கே தேவாலா, பந்தலூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 19-ஆம் நூற்றாண்டுத் தங்கச் சுரங்கங்கள் புதர் மூடிக் கிடக்கின்றன. பாறையை இடித்துப் பொன் பிரித்த ஆலைகளின் எச்சங்களும் இந்த மண்ணில்தான் உள்ளன. 1877 வரை மலபாரைச் சேர்ந்திருந்த இந்தப் பகுதிக்குத் தென்கிழக்கு வயநாடு என்று பெயர்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே பொன் எடுத்தார்கள். குறும்பர்கள் வெண்கல் பாறையைக் குடைந்து, கையால் இடித்துப் பொடியாக்கினார்கள். பணியர்கள் ஓடை மணலை மரத்தட்டில் அலசினார்கள். வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரர்களின் கண் பொன் மேல் விழுந்தது, பூச்சியாலும் இலைநோயாலும் காப்பித் தோட்டங்கள் நொடித்துக்கொண்டிருந்த நேரத்தில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித், இங்குள்ள பொன்படிவுகள் பற்றி நம்பிக்கை தரும் அறிக்கை ஒன்றை 1880-இல் அளித்தார். லண்டனில் நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன. நலிந்த தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின.

கப்பலில் வந்த இடிப்பு இயந்திரங்கள் மலபார்க் கரையிலிருந்து மலையேறின. பெரும்பாலும் ஐந்தைந்தாக நிறுத்தப்பட்ட இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ அல்லது அதற்கும் மேல். சுழலும் தண்டிலுள்ள வளைபற்கள் அவற்றைத் தூக்கித் தூக்கி விடும். கீழே இரும்புத் தொட்டியில் தண்ணீரோடு கிடக்கும் கல் கூழாகி, சல்லடை வழியே வெளியேறி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் வழியும். பொன் துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வழித்தெடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் பிரிந்து பொன் மட்டும் மிஞ்சும்.

இடிக்கக் கல் இருந்தது. கல்லில்தான் போதிய பொன் இல்லை. வயநாட்டு நிறுவனங்கள் படிவின் ஆழத்தையும் தரத்தையும் சரிவரப் பார்க்காமலே நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் முதலைக் கொட்டின. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. அதே பத்தாண்டில் கோலாரில் ஆழத்தில் வளமான படிவு அகப்பட, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே போய்ச் சேர்ந்தனர்.

பின்னாளில் தேவாலா மலைகளில் தேயிலை பரவியது. பழைய சுரங்கங்களில் திருட்டுத்தனமாகப் பொன் தேடுவது மட்டும் நிற்கவில்லை; மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிர்கள் போயிருக்கின்றன. தோண்டுவோர் கையில் எஞ்சிய தடயங்களும் குலைகின்றன. சுரங்க வாய்களையும் ஆலை இருந்த இடங்களையும் கழிவு மணல் மேடுகளையும் முறையாக அளந்து வரைபடத்தில் பதிவது அவசரத் தேவை.