பியானோவுக்குத் திரும்பிய விசைப்பலகை

இசை மென்பொருளில் கணினி விசைப்பலகையைக் கொண்டே சுரங்களை வாசிக்கும் வழக்கத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1855இல் டேவிட் ஹியூஸ் உருவாக்கிய அச்சுத் தந்தியில் எழுத்துகள் பியானோவை ஒத்த 28 கட்டைகளில் அமைந்திருந்தன. 1868இல் ஷோல்ஸும் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியும் அவ்வடிவினதே. 1874இல் ரெமிங்டன் அதைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது விசைகள் நான்கு வரிசைகளாகியிருந்தன. எழுத்து இசைக்கருவியிடம் பெற்ற கடன் அது.

1987இல் அமிகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' டிராக்கர் என்னும் மென்பொருள் வகையைத் தொடங்கிவைத்தது. டிராக்கர்களில் 'இசட்' தொடங்கும் கீழ்வரிசை வெள்ளைக் கட்டைகளாகும். மேல்வரிசையின் எஸ், டி, ஜி, எச், ஜே ஆகியவை கறுப்புக் கட்டைகள். இடையிலுள்ள எஃப் ஒலிப்பதில்லை. பியானோவில் அவ்விடத்தில் கறுப்புக் கட்டை இல்லை.

இவ்வாறு கட்டைகளின் வரிசை மீண்டது; தொடுகை மீளவில்லை. 1983இல் வெளிவந்த மிடி நெறிமுறை, விரல் விழும் வேகத்தை 127 படிகளில் பதிவுசெய்தது. எழுத்து விசையோ அழுந்தியதா இல்லையா என்பதை மட்டுமே அறியும். எவ்வளவு வன்மையாகத் தட்டினாலும் எழுத்து மாறுவதில்லை, சுரம் அத்தகையதன்று. ஆகவே, டிராக்கரில் இசையமைப்பவர் ஒலியளவை எண்களாகப் பின்னர் எழுதிச் சேர்க்க நேர்ந்தது. வாசிப்பாகத் தொடங்கியது மீண்டும் எழுத்துப் பணியாயிற்று.